வீடு யாருடைய பெயரில்? பாலு மகேந்திராவின் படத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பாட்டும் பகட்டும் இன்றித் தமிழ்ப் படம் ஓடாது என்று முதலாளிகள் நம்பியிருந்த காலத்தில், ஒரு சிறு வீட்டைக் கட்டி முடிக்க இயலாமற் போன கதையை மட்டும் சொல்லி, ஒரு பாடலையும் இடையிற் புகுத்தாமல், 1988இல் திரைக்கு வந்தது 'வீடு'. அதனை ஆக்கிய பாலு மகேந்திரா நமது கிழக்குக் கரையைச் சேர்ந்தவர். மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்தவர். தமது சிறு வயதில் தாயார் ஒரு வீட்டைக் கட்டுவித்ததையும், அந்த வேலையினூடே அவருடைய இயல்பே மாறிப்போனதையும் கண்ட நினைவுதான் படத்தின் வித்து என்று அவர் பின்னாளிற் கூறியிருக்கிறார். கதை நிகழ்வது சென்னைப் புறநகரில். வித்து விழுந்ததோ நமது வாவிக்கரையில். ஆதலால் கல்முனை, சம்மாந்துறை, சவளக்கடைப் பகுதி வாசகர்கள் இப்படத்தை அயலார் கதையாகக் கருதாது, தம் வீட்டு வாசலில் நின்று பார்க்கும் உரிமை உடையவர்கள். அவ்வாறு பார்க்கும்போது படத்தின் பெருமையும் புலப்படுகிறது. அதன் எல்லையும் புலப்படுகிறது.

கதை எளியது. அலுவலகத்திற் பணிபுரியும் சுதா என்ற பெண், பாட்டனாருடனும் தங்கையுடனும் வாடகை வீட்டில் வாழ்கிறாள். வீட்டைக் காலி செய்யுமாறு கேட்கப்படுகிறாள். வேறு வாடகை வீடு தேடி அலைந்து சலித்தபின், வளசரவாக்கத்தில் குடும்பத்துக்குள்ள இரண்டு மனைகளுள் ஒன்றை விற்று, மற்றதில் வீடு கட்டலாம் என்ற முடிவு பிறக்கிறது. பிறகு நடப்பதெல்லாம் கணக்குத்தான். அனுமதிக்குக் கை நனைக்க வேண்டும். கடனுக்கு அலைய வேண்டும். கொந்தராத்துக்காரன் சீமெந்தைக் கடத்தி விற்கிறான். அவனுடைய களவை வெளிப்படுத்துபவள் மங்கம்மா என்ற கூலிப்பெண். அரைகுறையாய் நிற்கும் வீட்டைப் பார்த்து, சுவரைத் தடவி மகிழ்ந்து திரும்பும் பாட்டனார் இறந்துபோகிறார். ஈற்றில், அந்த நிலம் ஏற்கெனவே குடிநீர் நிர்வாகத்தினால் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று ஓர் அதிகாரி வந்து சொல்கிறார். வீடு முடியாமலே படம் முடிகிறது.

இதில் ஒரு பெருங்கொடியவன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவனும் தன் பங்கைச் சிறிது சிறிதாகக் கிள்ளிக்கொள்கிறான். ஒருவன் கொள்ளையடித்தால் அவனைத் தண்டித்துக் கதையை முடித்துவிடலாம். ஒரு முறையே கொள்ளையடிக்குமானால் யாரைத் தண்டிப்பது? இக்கேள்வியைப் பார்வையாளனின் நெஞ்சில் ஊன்றியதே பாலு மகேந்திராவின் யதார்த்தத்தின் வெற்றி. சுதாவாக வாழ்ந்த அர்ச்சனாவுக்கு இந்தியாவின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. எனினும் நம் மதிப்பில் படத்தின் மனச்சாட்சி மங்கம்மாவே. அடுத்தவர் வீட்டுக்குக் கல்லும் மண்ணும் சுமக்கும் அவளுக்கு அந்த வீட்டில் ஓர் அங்குலமும் சொந்தமில்லை. ஆனாலும் ஏமாற்றப்படும் இன்னொரு பெண்ணின் பக்கம் துணிந்து நிற்கிறாள். உழைப்பவளுக்கு உழைப்பின் மதிப்புத் தெரியும் என்பதை இதைவிடத் தெளிவாகத் தமிழ்த் திரை சொன்னதாக நமக்கு நினைவில்லை.

படத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது? சுதாவின் குடும்பத்துக்கு இரண்டு மனைகள் இருந்தன; ஒன்றை விற்றே மற்றதில் அத்திவாரம் இடப்பட்டது. அதாவது, நிலத்தின் விலையேற்றமே அவளுக்குக் கிடைத்த முதல். அதே விலையேற்றந்தான் அவளைப் போன்ற எண்ணற்றோரை வாடகை வீட்டிலிருந்து விரட்டுகிறது. ஒரு கையால் தருவதும் மறு கையால் பறிப்பதும் ஒரே சந்தை என்பதைப் படம் கேட்காமல் விட்டுவிடுகிறது. நம் கண்ணீர் சுதாவுக்காக விழுகிறது; மங்கம்மா எங்கே உறங்குகிறாள் என்ற கேள்வி திரைக்கு வெளியே நிற்கிறது.

1872இல் 'வீட்டுப் பிரச்சினை' குறித்துத் தொடர்ந்து எழுதிய எங்கெல்ஸ், தொழிலாளிக்கு ஒரு சொந்த வீட்டைக் கொடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்று வாதிட்டோரை மறுத்தார். கடனில் வாங்கிய வீடு உழைப்பாளியை ஒரே இடத்தில் கட்டிப்போடும் என்றும், நகரத்தின் ஒரு மூலையில் ஒழிக்கப்பட்ட சேரி இன்னொரு மூலையில் முளைக்கும் என்றும் காட்டினார். அவர் கண்டது மான்செஸ்டரையும் ஜெர்மானிய நகரங்களையுமே. வளசரவாக்கத்துக்கும் அது பொருந்தும். நமது கரைக்குப் பொருந்துமா என்பதே இனி நாம் பார்க்க வேண்டியது. ஏனெனில் இங்கே வீடு சந்தையில் மட்டும் கைமாறுவதில்லை, திருமணத்திலும் கைமாறுகிறது.

மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை, தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், மணமகன் மணமகளின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம். வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனம். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்துவிட்டு, பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அருகே சிறியதொன்றில் ஒதுங்குவர். அடுத்த மகளுக்காக அங்கே மீண்டும் கல் அடுக்கத் தொடங்குவர். நூர் யால்மன், டெனிஸ் மக்கில்வ்ரே முதலிய மானிடவியலாளர் இம்முறையை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உலகின் பல பாகங்களில் பெண் குடியிருக்கும் கூரை கணவனுடையதாயிருக்க, இங்கே கூரை அவளுடையது. மணமுறிவு நேர்ந்தால் வெளியேறுபவன் ஆண். இஃது எளிதிற் கிட்டாத பாதுகாப்பு.

ஆயினும் அந்தக் கூரை எதனால் வேயப்படுகிறது? வாப்பாவின் ஆயுளால், காக்காவின் இளமையால். கடலுக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பட்டியில் மக்கள் பெருகப் பெருக, பேர்ச் கணக்கில் அளக்கப்படும் காணியின் விலையும் ஏறுகிறது. விலை ஏற ஏற, தங்கையின் திருமணத்துக்காகத் தமையன் கட்டாருக்கும் சவூதிக்கும் போக வேண்டிய ஆண்டுகளும் நீள்கின்றன. சில வேளைகளில் தாயே வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடல் கடக்கிறாள். அயல்நாட்டில் ஒருத்தியின் வீட்டைத் துடைத்து, இங்கே தன் மகளின் வீட்டுக்குச் சுவர் எழுப்புகிறாள். வகுப்பறையில் இதன் விளைவை ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் பார்க்கிறோம். உயர்தர வகுப்பில் நன்கு படிக்கும் மாணவனிடம் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசினால், "மூன்று தங்கச்சிமார் இருக்காங்க, சேர்" என்ற மறுமொழி வருகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வீடுகளின் செங்கல்லும் சீமெந்தும் அடங்கியிருக்கின்றன.

இந்நிலையைக் கண்டு வருந்திய நல்லோர் சிலர், சீதனத்தை அடியோடு ஒழிக்க வேண்டும் என்கின்றனர். மணமகன் ரொக்கமாய்க் கேட்டுப் பெறும் கைக்கூலியைப் பொறுத்தவரை அவர்களுடன் நமக்கு வேற்றுமையில்லை; அது ஒழிய வேண்டியதே. ஆனால் கைக்கூலியையும் பெண்ணின் வீட்டையும் ஒரே கட்டாகக் கட்டி எறிந்துவிட்டால், இழப்பு யாருக்கு? மணமகனுக்கு எதுவும் குறையாது. பெண் தன் பெயரிலுள்ள ஒரே உடைமையை இழந்து, கணவன் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் புகுவாள். ஆணின் விலையாக வீடு ஆவதை எதிர்ப்பது வேறு. பெண்ணின் உரிமையாக வீடு இருப்பதை எதிர்ப்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாத சீர்திருத்தம் பெண்ணின் காலடி நிலத்தையே பறித்துவிடும்.

இது வெறும் அச்சமன்று. கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் சவளக்கடையும் நாவிதன்வெளியும் வருகின்றன. மாரியில் வெள்ளம் மேவிப் போக்குவரத்தைத் தடுக்கும் அத்தாம்போதிக்கு அப்பால், 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் இன்னமும் 'கொலனி' என்ற பெயரோடு நிலைத்துள்ளன. கரையோரத்தில் உறுதி பெண்ணின் பெயரில் எழுதப்படும். குடியேற்றக் காணியின் அனுமதிப்பத்திரமோ பெரும்பாலும் 'குடும்பத் தலைவன்' என்று அரசு கண்ட ஆணின் பெயரில் வழங்கப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் பெண்மக்களைப் பின்தள்ளி ஆண்மக்களுக்கு முதலிடம் கொடுத்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேயே வந்தது. அத்தகைய காணியை அதிகாரிகளின் இசைவின்றி விற்கவும் இயலாது. எனவே வெறுங்கடுதாசியில் ஒப்பமிட்டுக் காணி வாங்கி, அதன்மேல் வீட்டைக் கட்டிவிட்டு, சுதாவைப் போலவே ஓர் அதிகாரியின் வருகைக்கு அஞ்சி வாழ்வோரும் உண்டு. ஒரு தாம்போதியைக் கடப்பதற்குள் வீட்டின் பால் மாறிவிடுகிறது. அதன் உறுதிப்பாடும் மாறிவிடுகிறது.

2004 டிசம்பர் 26இன் கடற்பேரலைக்குப் பின்னர் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என்று அரசு முதலில் அறிவித்தது. அத்தடை பிறகு தளர்த்தப்பட்டது. புதிதாய்க் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றின் பத்திரங்கள் மீண்டும் குடும்பத் தலைவனின் பெயரையே தாங்கி வந்தன. தாய்வழியாகக் கைமாறிய வளவுகள், நிவாரணம் என்ற பெயரில், ஒரு கையெழுத்தில் ஆண்வழிச் சொத்தாயின. அக்கரைப்பற்றுப் பகுதியில் நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் எழுந்த 500 வீடுகளின் கதையோ இன்னும் கசப்பானது. யாருக்குப் பகிர்வது என்ற இனவிகித வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. கட்டி முடிந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிப் பற்றைக்காட்டுக்குள் நின்றன. பாலு மகேந்திராவின் வீடு முடியாமல் நின்றது. நுரைச்சோலையில் வீடு முடிந்தும் மனிதர் வெளியே நின்றனர். இரண்டிடத்தும் செங்கல்லை வென்றது கடுதாசி.

அரசு எதுவும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 1973இல், பொதுவுடைமைக் கட்சியின் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகைக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மிகுதி வீடுகளில் குடியிருந்தோர் பலர் உரிமையாளராயினர். வீடு என்பது வாழ்வதற்கு, வாடகை கறப்பதற்கன்று என்ற கொள்கை இந்நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறிய நாள் அது. பின்பு, வீடற்றோருக்கென ஓர் அனைத்துலக ஆண்டு வேண்டும் என 1980இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தவர் நமது பிரதமராயிருந்த பிரேமதாசா. அந்த ஆண்டாகக் குறிக்கப்பட்டது 1987. 'வீடு' உருவானதும் அக்காலத்திலேதான். ஆண்டு கழிந்தது, வீடற்றோர் கழியவில்லை.

இனி நமது எழுத்தாளருக்கு ஒரு சொல். இப்பிரதேசத்தின் நெல்வயலுக்கு நீலாவணனின் 'வேளாண்மை' என்ற காவியம் உண்டு. வீட்டுக்கு அத்தகைய பேராக்கம் இன்னும் எழவில்லை. சீதனத்தைப் பற்றிக் கதைகள் குறைவின்றி வருகின்றன. அவற்றிற் பெரும்பாலானவை பேராசைக்கார மாப்பிள்ளையையும் அவனுடைய உம்மாவையும் திட்டித் தீர்ப்பதோடு அமைதியடைகின்றன. மாப்பிள்ளை மனம் திருந்தினால் எல்லாம் சரியாகும் என்ற மயக்கத்தை அவை வளர்க்கின்றன. காணியின் விலை என்ன, கடனுக்கு வட்டி என்ன, அத்திவாரக் குழி வெட்டியவனுக்குக் கூலி என்ன, உறுதியில் எழுதப்பட்ட பெயர் யாருடையது என்ற கணக்கை அவை தொடுவதில்லை. பாலு மகேந்திரா நமக்குக் கற்பித்தது அந்தக் கணக்கை எழுதுவதையே: ஒரு சீமெந்துப் பையையும் விடாமல், ஒருவரையும் திட்டாமல். அவர் நிறுத்திய இடத்திலிருந்து மேலே செல்வது நம் பொறுப்பு.

அப்படி எழுதப்படும் கதையில் மங்கம்மாவும் இருக்க வேண்டும். மூன்று தங்கச்சிமாருக்காகப் புத்தகத்தை மூடிவிட்டுப் போன மாணவனும் இருக்க வேண்டும். அவனுடைய தங்கைக்கு வீடு வேண்டும். அது அவள் பெயரிலேயே இருக்கவும் வேண்டும். அதற்கு விலை அவனுடைய கல்வியாய் இராத ஒரு சமுதாயத்தை நாடுவதே நம் நோக்கம்.