சண்டைக்குக் கைதட்டல், சமாதானத்துக்குக் கேலி

2024 ஏப்ரல் 5 அன்று ராப் பாடகர் ஜே. கோல், சக ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரைத் தாக்கி ஒரு பாட்டை வெளியிட்டார். இரண்டே நாளில் ராலி நகரில் தன் சொந்த இசை விழா மேடையில் நின்று, அந்தப் பாட்டு தன் மனசுக்கு ஒட்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். அடுத்த சில நாளில் பாட்டையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். கோழை என்று ஏசினார்கள். மல்லுக்கு நின்ற கென்ட்ரிக்கோ அதே சண்டையில் இன்னொரு ராப் பாடகரான டிரேக்குக்கு எதிராகப் பாடிய ஒரே பாட்டுக்கு 2025-ல் ஐந்து கிராமி வாங்கினார். சண்டை போட்டவர் ஜெயித்தார், மன்னிப்புக் கேட்டவர் தோற்றார் என்று கதையை முடித்துவிட்டார்கள்.

நான் அப்படிப் பார்க்கவில்லை. கோல் வெறும் பாடகர் அல்ல. 2021-ல் ருவாண்டாவின் பேட்ரியட்ஸ் அணிக்காக ஆப்பிரிக்க லீகில் களமிறங்கிய கூடைப்பந்து ஆட்டக்காரர். வறட்டு கௌரவத்துக்கு அந்த ஆட்டத்தில் என்ன விலை என்பதை லேக்கர்ஸ் அணியில் சேர்ந்து ஆடிய ஷாகில் ஓ'நீலும் கோபி பிரையன்டும் ஏற்கெனவே காட்டிவிட்டார்கள்.

2000 ஜூன், இண்டியானாபொலிஸ், என்.பி.ஏ. இறுதிச்சுற்றின் நான்காவது ஆட்டம். 36 புள்ளியும் 21 ரீபவுண்டும் எடுத்திருந்த ஷாக், கூடுதல் நேரத்தில் ஆறாவது ஃபவுலோடு வெளியேறுகிறார். கோபிக்கு வயது 21. கணுக்கால் பிசகியதால் முந்தைய ஆட்டத்தில் அவர் இறங்கவே இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தில் மட்டும் 8 புள்ளி எடுத்தார். ஆறு விநாடி பாக்கி இருக்கும்போது சக ஆட்டக்காரர் பிரையன் ஷா தவறவிட்ட பந்தைப் பாய்ந்து பிடித்து, வளையத்துக்கு முதுகைக் காட்டியபடியே உள்ளே போட்டார். லேக்கர்ஸ் 120-118. ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்குவார் என்ற அந்த நம்பிக்கைதான் 2000, 2001, 2002 என மூன்று கோப்பைகளைக் கொண்டுவந்தது.

அணி யாருடையது என்ற கேள்விதான் அதைக் கெடுத்தது. இருவரும் நேருக்கு நேர் பேசித் தீர்த்திருக்கலாம். பேசியதெல்லாம் நிருபர்களிடம். 2003 அக்டோபரில் கோபி பந்தை அதிகம் பகிர வேண்டும் என்று ஷாக் சொல்ல, ஷாக் எடை கூடி, உடல் தயாராகாமல் முகாமுக்கு வருகிறார் என்று கோபி தொலைக்காட்சி வழியாகத் திருப்பிக் கொடுத்தார். பத்திரிகைகளுக்குத் தீனி, ரசிகர்களுக்குக் கொண்டாட்டம்.

பலன் டெட்ராய்ட்டுக்கு எதிரான 2004 இறுதிச்சுற்றில் தெரிந்தது. நான்காவது ஆட்டத்தில் ஷாக் 21 முறை எறிந்து 16 முறை வளையத்தில் போட்டார். கோபி 25 முறை எறிந்ததில் விழுந்தது எட்டு. லேக்கர்ஸ் 80-88 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தோடு தொடரும் 1-4 என முடிந்தது. டெட்ராய்ட்டின் தடுப்பாட்டம் அபாரம், லேக்கர்ஸின் கார்ல் மலோனுக்கு ஏற்பட்ட முழங்கால் காயமும் உண்மைதான். ஆனாலும் வளையத்துக்கு அடியில் தடுக்க முடியாத ஒருவர் நிற்கும்போது, வெளியிலிருந்து தவறிக்கொண்டே இருப்பவர் அவரைவிட அதிகமாக எறிந்ததற்குத் தடுப்பாட்டம் மட்டும் காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அடுத்த மாதமே ஷாக் மயாமிக்குப் போய்விட்டார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் வியாபாரம். 2004 கிறிஸ்துமஸ் அன்று இருவரையும் மோதவிட்டு விளம்பரம் செய்தார்கள். 2006-ல் பழம்பெரும் ஆட்டக்காரர் பில் ரஸ்ஸல் சொன்னதைக் கேட்டு ஷாக் கைகுலுக்கினார், அதுவும் நிலைக்கவில்லை. 1993-லேயே பத்து லட்சம் பிரதி விற்ற ராப் ஆல்பம் கொடுத்தவர் ஷாக். 2008-ல் கோபி பாஸ்டனிடம் இறுதிச்சுற்றில் தோற்ற கையோடு, நியூயார்க் கிளப் ஒன்றில் ஷாக் அவரை நக்கலடித்துப் பாடினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. 2018-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பழைய கதையை முழுதாகப் பேசினார்கள். இரண்டு ஆண்டு கழித்து கோபி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துபோனார். அவரோடு இன்னும் பேசியிருக்கலாமே என்று ஷாக் கேமரா முன் அழுததைப் பார்த்தவர்களுக்கு மறக்காது.

சேர்ந்திருந்தால் இன்னும் எத்தனை கோப்பை என்று லேக்கர்ஸ் ரசிகர்கள் இன்றும் கணக்குப் போடுகிறார்கள். அந்த இருவருக்கும் 14 ஆண்டு பிடித்த காரியத்தை ஜே. கோல் இரண்டு நாளில் செய்தார். 2024-ன் அந்தப் பாட்டுச் சண்டையில் சரியாக ஆடியவர் அவர் ஒருவர்தான்.