ஒற்றைப் பாக வர்ணமும் பழம் படகுகளும்

1959ஆம் ஆண்டில் நியூயார்க் படகுக் கண்காட்சியிலே பியர்சன் நிறுவனத்தார் டிரைட்டன் என்னும் 28 அடிப் பாய்மரப் படகை மக்கள் முன் வைத்த காலத்தில், கண்ணாடி இழையால் வார்த்த உடலுக்கு மரத்தைப்போல் வருஷந்தோறும் வர்ணம் பூசும் தொல்லை இராது என்ற நம்பிக்கை அவ்வகைப் படகுகளுக்குப் பெரிய ஆகர்ஷணத்தைத் தந்தது. சூரியன் அந்த நம்பிக்கைக்கு இணங்கவில்லை. ஜெல்கோட் எனப்படும் மேற்பூச்சு நாளடைவில் ஒளி மங்கி, தொட்டால் விரலில் வெண்பொடி ஒட்டும் நிலையை அடைந்துவிட, அத்தகைய பழம் படகுகளின் சொந்தக்காரர்களும் மரப்படகுக்காரரைப்போலவே வர்ணக் கடைக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களிற் பலர் விரும்புவது, டப்பாவைத் திறந்து நன்றாகக் கலக்கிய மாத்திரத்தில் பூசத்தக்க ஒற்றைப் பாக வர்ணம்.

இருபாக வர்ணத்தில் பிசினும் ஐசோசயனேட் அடங்கிய கடினியும் ரசாயன முறையிற் பிணைந்து இறுகுகின்றன. ஒற்றைப் பாக வர்ணமோ பெரும்பாலும் யூரித்தேன் சேர்ந்த ஆல்கிட் ஆகையால், கரைப்பான் ஆவியான பின்னர் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெதுவாகவே உலர்கிறது. அதன் குணங்களும் தோஷங்களும் பெரும்பாலும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்தே பிறக்கின்றன. துறைமேடையில் உராய்ந்தால் எளிதிற் கீறல் விழும். சில வருஷங்களில் பளபளப்புக் குறையும். இடைவிடாது நீரில் ஊறினால் கொப்புளிக்குமாதலால் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே அதற்கு இடமில்லை. ஆனால் ஒருவர் உருளையால் பூசிச் செல்ல, மற்றொருவர் பின்னாலேயே தூரிகை நுனியால் லேசாகத் தடவிச் சமன்செய்ய அது போதிய அவகாசம் தருகிறது. கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துப் பூசிக்கொள்ளலாம். எல்லாவற்றினும் மேலாக, தெளித்தால் சுவாசகோசங்களுக்குக் கேடு விளைக்கும் ஐசோசயனேட் அதில் இல்லை. கரைப்பானின் ஆவிக்காகக் காற்றோட்டமும் முகமூடியும் வேண்டுமென்பது வேறு விஷயம்.

எளிது என்ற அதன் கீர்த்தியை மட்டும் நான் முழுமனத்துடன் ஒப்புவதற்கில்லை. பழைய மெழுகைத் துடைத்தெடுத்தல், குழிகளை நிரப்புதல், உப்புத்தாளால் தேய்த்தல், அடிப்பூச்சு இடுதல் ஆகிய உண்மையான உழைப்பு இருவகைக்கும் ஏறக்குறைய ஒன்றே. மாலைப் பனி படிந்தால் அன்றைய பூச்சின் ஒளி கெடுவதும் ஒன்றே. ஒற்றைப் பாகத்தை வாங்கி விலையில் மிச்சம் பிடித்தவர், சில வருஷங்களில் மறுபடியும் உப்புத்தாளும் கையுமாக நிற்க வேண்டியிருப்பதை யாரும் கணக்கிற் சேர்ப்பதில்லை. அந்த இரண்டாம் முறையின் வேலை முதல் முறையைவிடக் குறைவே என்பதையும், நியாயத்திற்காக, உடன் சொல்லவேண்டும்.

ஆகவே, வளைகுடாவில் நங்கூர மிதவையில் தனித்து நிற்கும் படகைத் தம் கையாலேயே பேண விரும்புவோருக்கு ஒற்றைப் பாக வர்ணமே உகந்தது. துறைமேடையோடு உரசியே கிடக்கும் படகுக்காரர் செலவைப் பாராமல் இருபாக வர்ணத்தைத் தொழிலாளரிடம் ஒப்படைப்பது நலம். ஆனால் இத்தேர்வை முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ள வேண்டும்: ஒற்றைப் பாகத்தின்மேல் பிற்பாடு இருபாக வர்ணம் பூச முற்பட்டால், அதன் கடுமையான கரைப்பான் அடியிலுள்ளதைச் சுருக்கி எழுப்பிவிடக்கூடுமாதலால், பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்த பின்னரே பூசுவது பத்திரம்.