முகாம் கதையில் வேலையைக் கவனியுங்கள்

சோவியத் உழைப்பு முகாம் கதைகளைக் கையில் எடுக்கும்போதே, எழுத்தாளர் எந்தப் பக்கம் என்று பலர் விசாரித்துவிடுகிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் விடையைப் பேட்டிகளில் தேடுவதைவிட, கதைக்குள் கைதி வேலை செய்யும் இடத்தில் தேடினால் அரசியலும் புரியும், கலையும் பிடிபடும். சோல்செனித்சினின் ‘இவான் தெனீசவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ 1962 நவம்பரில் ‘நோவி மிர்’ இதழில், சோவியத் தலைவர் குருஷ்சேவின் ஒப்புதலோடு வெளிவந்தது. அதில் கைதி ஷூகவ் உறையும் குளிரில் சுவர் கட்டுகிறான். வேலை நேரம் முடிந்தும், குழைத்த சாந்து வீணாகக் கூடாதே என்று தொடர்கிறான். போகுமுன் திரும்பி, சுவர் நேராக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறான். வர்லாம் ஷலாமவின் ‘தனி அளவீடு’ சில பக்கக் கதை. அதில் 23 வயது துகாயெவின் வேலையைத் தனியே அளக்கிறார்கள். இலக்கில் கால்பங்குதான் தேறுகிறது. மறுநாள் இரவு அவனைச் சுடக் கூட்டிப்போகிறார்கள். அந்தக் கடைசி நாளும் வீணாகப் பாடுபட்டோமே என்பதே அவன் வருத்தம்.

இரு கதைகளுக்கும் இடையே இருப்பது அரசியல் வேறுபாடல்ல, இட வேறுபாடு என்று ஒருவர் மறுக்கலாம். துகாயெவ் உழைத்த கொலிமாவின் தங்கச் சுரங்கம் வேறு, ஷூகவின் முகாம் வேறு. ஷலாமவ் பட்டது தான் பட்டதைவிடக் கொடியது என்று சோல்செனித்சினே எழுதியிருக்கிறார். ஆனாலும் பட்டதை எதுவாக எடுத்துக்கொள்வது என்பதில்தான் அவர்கள் பிரிகிறார்கள். சிறை தன் ஆன்மாவை வளர்த்தது என்று நன்றி சொன்னவர் சோல்செனித்சின். முகாம் எவருக்கும் ஒரு நன்மையும் தராது என்பதில் ஷலாமவ் கடைசிவரை அசையவில்லை. அதனால்தான் முன்னவரின் கதையில் சுவர் எழும்புகிறது. பின்னவரின் கதையில் உழைப்பு மனிதனைத் தின்கிறது.

இந்த முகாம் எழுத்துகளெல்லாம் கம்யூனிச எதிர்ப்புப் பிரச்சாரம் என்ற வாதமும் நிற்காது. லெனினின் ‘உயில்’ எனப்படும் ஆவணத்தைப் பரப்பியதற்காக 1929இல் கைதானவர் ஷலாமவ். ‘சுழற்காற்றில்’ எழுதிய யெவ்கேனியா கின்ஸ்பர்க் கட்சி உறுப்பினராக இருந்து 1937இல் பிடிபட்டவர். சோல்செனித்சினின் பிற்காலத் தேசியவாதம் பலருக்குக் கசக்கிறது. எனக்கும் அதில் உடன்பாடில்லை. ஆனால் அந்தக் கசப்பு சாந்துக் கரண்டி பிடித்த ஷூகவின் கையை எட்டவில்லை, ஏனென்றால் அங்கே ஆசிரியர் போதிக்கவில்லை, பார்க்கிறார். 1972இல் தன் கதைகளின் வெளிநாட்டு வெளியீடுகளைக் கண்டித்து ஷலாமவ் எழுதிய கடிதத்தைச் சரணாகதி என்றார்கள். துகாயெவின் கதையில் அதனால் ஒரு சொல்லும் மாறவில்லை. இரு கதைகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள்; ஷலாமவை இரண்டாவதாக. அவரது ‘கொலிமா கதைகள்’ சொந்த நாட்டில் நூலாக வந்தபோது, 1982இல் இறந்துவிட்ட அவர் அதைக் காண இல்லை.