ஷ்ரோடிங்கரின் ‘உயிர் என்றால் என்ன?’ – ஒரு மதிப்பீடு

‘உயிர் என்றால் என்ன?’ ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் எழுதி 1944-ல் வெளிவந்த சிறுநூல். 1943 பிப்ரவரியில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவுகளிலிருந்து உருவானது. இயற்பியல் உயிரியலுக்கு வழிகாட்டியதற்குச் சான்றாக இந்நூல் அடிக்கடி சுட்டப்படுகிறது. நூலின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் அந்தக் கூற்று பாதி மட்டுமே உண்மை எனத் தெரியும்.

நூலின் வாதம்

மரபணு மிகச் சிறியது. அவ்வளவு சிறிய அமைப்பு வெப்ப அசைவுகளால் குலையாமல் பல தலைமுறைகளுக்கு எப்படி நிலைக்கிறது என்று ஷ்ரோடிங்கர் கேட்கிறார். குவாண்டம் விதிகளின்படி அமைந்த மூலக்கூறுப் பிணைப்பே காரணம் என்பது அவர் விடை. மரபுப்பொருள், ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வராத ஒருவகைப் படிகம் என்றும், அதில் உயிரின் வளர்ச்சித் திட்டம் குறியீடாக எழுதப்பட்டுள்ளது என்றும் கூறினார். புள்ளி, கோடு என்ற இரண்டே குறிகளை நான்கு வரை அடுக்கினால் 30 வெவ்வேறு குறியீடுகள் கிடைக்கும் என்பது அவர் தந்த எளிய விளக்கம்.

கருத்தின் மூலம்

இவ்வாதத்தின் அடித்தளம் ஷ்ரோடிங்கருடையது அல்ல. திமோஃபியெவ்-ரெசோவ்ஸ்கி, ஸிம்மர், டெல்புரூக் ஆகிய மூவர் 1935-ல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்; நூலிலும் அதைக் குறிப்பிடுகிறார். அந்தக் கட்டுரைக்கு முன்னோடி, எக்ஸ் கதிர்களால் பழ ஈக்களில் மரபுமாற்றத்தை உண்டாக்க முடியும் என்று ஹெர்மன் முல்லர் 1927-ல் காட்டிய ஆய்வு. இயற்பியலின் கருவி உயிரியலுக்குச் சென்றது. அங்கே கிடைத்த சான்று இயற்பியலாளர்களிடம் திரும்பியது. அவர்கள் வழியாக மீண்டும் உயிரியலை அடைந்தது.

விமர்சனம்

நூலின் சரியான பகுதிகள் டெல்புரூக்கிடமிருந்து பெறப்பட்டவை என்றும், வேதியியல் ஏற்கெனவே அறிந்திருந்ததை ஷ்ரோடிங்கர் கவனிக்கவில்லை என்றும் மாக்ஸ் பெருட்ஸ் 1987-ல் விமர்சித்தார். இரண்டாவது குறை பெரியது. மரபணு பெரிய புரத மூலக்கூறாக இருக்கலாம் என்றே நூல் கருதுகிறது. நூல் வந்த அதே 1944-ல், நியூயார்க்கில் ஏவரியும் அவர் சகாக்களும் பாக்டீரியாவின் மரபுப்பண்பை மாற்றும் பொருள் டி.என்.ஏ. என்பதற்கான சான்றை வெளியிட்டனர்.

தாக்கம்

வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவரும் இந்நூலால் ஈர்க்கப்பட்டவர்கள். ஆனால் 1953-ல் இரட்டைச் சுருளை அமைக்கத் தேவைப்பட்ட தகவல்கள் நூலில் இல்லை. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ் கதிர்த் தரவுகள், சார்காஃப் கண்ட மூலங்களின் விகிதம், அம்மூலங்களின் சரியான வடிவம் பற்றி ஜெர்ரி டோனஹியூ சொன்ன திருத்தம் ஆகியவை வேதியியலில் பயின்றவர்களிடமிருந்து வந்தன. நூலை மட்டும் முன்னிறுத்தும் வரலாறு இவர்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது.

சென்னையிலும் இதே காலத்தில் இதே போன்ற நகர்வு நடந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படிகவியலைக் கொண்டு கொலாஜன் புரதத்தின் முச்சுருள் அமைப்பை 1954-ல் முன்வைத்தனர். கொலாஜன் அமைப்பு தீராத சிக்கலாக இருப்பதைச் சென்னை வந்த ஜே.டி. பெர்னல் சுட்டியிருந்தார். ஆய்வுப்பொருள் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது.

மதிப்பீடு

ஷ்ரோடிங்கரின் நூல் உயிரியலுக்கு விடை எதையும் தரவில்லை. இயற்பியல் கற்றவர்களும் கேட்கத் தகுந்ததாக ஒரு கேள்வியை மாற்றித் தந்தது. அதனால் ஆட்கள் துறை மாறினர். அவ்வகையில் அதன் இடம் உறுதியானது. ஒரு துறை கொடுக்க மற்றொன்று பெற்றுக்கொண்டது என்ற கதைக்கு மட்டும் இந்நூல் சான்றாகாது.