வட்டப் பாதையும் மலைப் பாதையும்

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கும் பேருந்தில் முன்னிருக்கையில் அமர்ந்து வருகிறவர், அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டுநர் காலைக் காட்டிலும் கையையே அதிகம் நம்புகிறார் என்பதைக் கவனிக்கலாம். வளைவு வருமுன்பே வண்டியை இரண்டாம் கியருக்குக் கொண்டுவந்து, எஞ்சினின் முனகலையே கடிவாளமாக்கிக்கொண்டு, பிரேக்கை வளைவின் வாயில் மட்டும் அழுத்துவார். இறக்கம் முழுவதும் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது. கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளை மதிப்பிட நான் கைக்கொண்டிருக்கும் அளவுகோல் அந்த இருக்கையில் கிடைத்ததே. சாலையின் பாரம் ஓட்டுபவன் கைக்குத் தெரிகிறதா, செய்த பிழையின் பலன் அவனைத் தேடி வருகிறதா என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தராத விளையாட்டு, எத்தனை மனோகரமான காட்சிகளைக் காட்டினாலும், எனக்குப் பந்தயமாகத் தோன்றுவதில்லை.

இவ்வகை விளையாட்டுகளில் நம்மவர் அதிகம் பொருட்படுத்தாதது அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம். கடையில் விற்கும் சாதாரணக் காரையே முடுக்கி ஓட்டுவது என்பதுதான் அப்பெயரின் பொருள். இன்றைய வண்டிகளில் அந்தச் சாதாரணக் காரின் முகச்சாயல் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அப்பலாச்சிய மலைப் பாதைகளில் கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு காவலர்களுக்குத் தப்பி ஓடியவர்களும் அதன் ஆதிகால வீரர்களில் இருந்தார்கள் என்பது, எல்லைச் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வாழும் பாலக்காட்டு, இடுக்கித் தமிழருக்கு எளிதில் விளங்கும் சரித்திரம். 1948-இல் நாஸ்கார் என்னும் அமைப்பு உருவாயிற்று. 1959-இல் டேடோனாவில் நான்கு கிலோமீட்டர் சுற்றளவில், வளைவுகளில் 31 பாகை சரிந்து நிற்கும் பாதை திறக்கப்பட்டது. மலையில் பிறந்த கலை அவ்வாறு வட்டத்துக்குள் குடிபுகுந்தது.

இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பதில் என்ன ரசனை என்று கேட்பவர்கள், பாபிரஸ் நிறுவனத்தார் 1994-இல் வெளியிட்ட 'நாஸ்கார் ரேசிங்' முதல் 2003-இல் வந்த அவ்வரிசையின் கடைசி விளையாட்டு வரை ஏதேனும் ஒன்றைப் பொறுமையோடு ஐம்பது சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்னே செல்லும் வண்டி காற்றைக் கிழித்து வழிவிட, அதன் முதுகை ஒட்டிச் செல்லும் வண்டிக்கு வேகம் தானாகவே கூடும். ஆனால் அதே நெருக்கத்தில் வளைவுக்குள் நுழைந்தால், முன்சக்கரங்களை அழுத்திப் பிடிக்க வேண்டிய காற்று குறைந்து, வண்டி மதிலை நோக்கி வெளியே ஒதுங்கும். சுற்றுக்குச் சுற்று டயர் தேய்ந்து, ஐந்தாம் சுற்றில் பழகிய வளைவு நாற்பதாம் சுற்றில் வேறொரு வளைவாகிவிடுகிறது. அந்த வித்தியாசத்தைக் கைவிரல்களுக்கு உணர்த்திய சாமர்த்தியத்தினாலேயே, 2003-ஆம் ஆண்டு விளையாட்டை இன்றும் ஆடுவோர் உளர். பாபிரஸை நிறுவியவர்களில் ஒருவரான டேவிட் கேமர் பின்னர் தொடங்கிய 'ஐரேசிங்', 2008 முதல் உண்மையான பந்தயப் பாதைகளை லேசர் கொண்டு அளந்து, அவற்றின் மேடுபள்ளங்களையும் விடாமல் பதித்துத் தருகிறது. சேகாவின் 'டேடோனா யுஎஸ்ஏ' போன்றவை உற்சாகமூட்டுபவை. அவற்றை இந்தத் தராசில் நிறுப்பது முறையன்று.

நம் பக்கத்திலும் பந்தயக் களம் உண்டு: பாலக்காட்டிலிருந்து வாளையாரைத் தாண்டிக் கிழக்கே சென்றால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. மாருதி 800-இன் எஞ்சினை வைத்தே பந்தய வண்டி செய்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய களம் அது. ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் ஓட்டுவது பந்தயக் கார் அல்ல, பேருந்து. மலேயோ நிறுவனத்தார் 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' வண்டிகளுக்கு விரும்பிய வர்ணம் பூச இடமளித்தது; கேரளத்து இளைஞர்கள் ஆனவண்டி எனப்படும் தங்கள் அரசுப் பேருந்தையும் சுற்றுலாப் பேருந்துகளையும், கண்ணாடி எழுத்து, விளக்கு வரிசை உட்பட அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கூலியும் கீர்த்தியும் எதிர்பாராத அந்தப் பிரயத்தனத்தை நான் மனமார மதிக்கிறேன்.

ஆயினும் 2022 அக்டோபர் 5-ஆம் நாள் இரவை மறந்து இதை எழுத என்னால் இயலவில்லை. பாலக்காட்டு மாவட்டத்து வடக்கஞ்சேரியில், ஊட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். அதன்பின் சுற்றுலாப் பேருந்துகள் வெள்ளை நிறத்திலேயே ஓட வேண்டும் என்னும் விதி கண்டிப்பாக அமலாயிற்று. சாலையில் அழிந்த வர்ணங்கள் கைப்பேசியில் மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. வர்ணத்தை இத்தனை நுணுக்கமாகப் பெயர்த்தவர்களுக்குப் பிரேக்கின் சூட்டையும் பெயர்த்துத் தரும் விளையாட்டு வாய்க்கவில்லையே என்பதுதான் என் குறை. டேடோனாவின் ஒவ்வொரு பள்ளமும் அளந்து பதிக்கப்பட்டிருக்க, மூணாற்றிலிருந்து போடிக்கு இறங்கும் சாலையை அவ்விதம் அளப்பார் யாருமில்லை.

சென்ற மாதம் கொழிஞ்சாம்பாறையில் தங்கை மகன், ஏதோ ஒரு மலைப்பாதை வரைபடத்தில், கைப்பேசியை இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் போலச் சாய்த்துச் சாய்த்து, மேல் கியரிலேயே அடிவாரம் வரை இறக்கிக் காட்டினான். இரண்டாம் கியரைப் பற்றி நான் சொன்னதும், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "மாமா, இதுல பிரேக் சூடாவாது" என்றான்.