சரிவில் ஒரு பள்ளிக்கூடம்

ஸ்டூடியோ என்றதும் நம்மவர்களுக்குக் கோடம்பாக்கம்தான் ஞாபகத்துக்கு வரும். கட்டடக்கலை பயிலும் மாணவர்களுக்கு அது வேறு இடம். பெரிய மேஜைகளும் படத்தாள்களும் அட்டையில் செய்த மாதிரிகளும் நிறைந்த கூடம். ஐந்து வருஷப் படிப்பின் பெரும்பகுதியை அவர்கள் அங்கேதான் கழிக்கிறார்கள். பாடத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது அங்கே வழக்கமில்லை. ஒரு கட்டடத்தைச் செய்யச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள், மாணவன் படம் போடுவான், ஆசிரியர் வந்து பார்ப்பார், மறுபடியும் போடுவான்.

இந்த முறையைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1983-இல் வெளிவந்த அவருடைய 'தி ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஷனர்' என்ற நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. தொழில் தெரிந்தவன் கைவேலையின் நடுவே எப்படிச் சிந்திக்கிறான் என்பது நூலின் விஷயம். நாவல் படிக்கிறவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு பாத்திரங்களை வைத்து எழுதிய சிறுகதையைப்போல அந்த அத்தியாயத்தைப் படிக்க முடிகிறது என்பதே என் பதில்.

பெட்ரா என்று ஒரு மாணவி. குவிஸ்ட் என்று ஓர் ஆசிரியர். ஆரம்பப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு அவள் திட்டம் போட வேண்டும். கொடுத்த மனையோ சரிவு. கட்டடத்தை நிலத்தின் வளைவோடு பொருத்திப் பார்க்கிறாள், பொருந்தவில்லை. தனித்தனியாகப் போட்ட ஆறு வகுப்பறைகளும் மிகச் சிறியவையாகத் தோன்ற, அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து மடக்குகிறாள். அதற்குமேல் ஓடவில்லை. ஆசிரியர் வருகிறார். அவளுடைய படத்தின்மேல் மெல்லிய தாள் ஒன்றை விரித்துப் பேசிக்கொண்டே வரைகிறார். நிலம் ஒழுங்காக இல்லையென்றால் நீ ஓர் ஒழுங்கை அதன்மேல் சுமத்து, சரிப்படாவிட்டால் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. வகுப்பறைகள் படிப்படியாகச் சரிவில் இறங்குகின்றன. மட்டம் மாறுகிற இடங்களில், யாரும் கேட்காமலே, குழந்தைகள் ஒதுங்கி உட்காரச் சின்னச் சின்ன மூலைகள் கிடைத்துவிடுகின்றன.

ஒன்றை நினைத்துப் போட்ட கோடு இன்னொன்றைக் கொண்டுவந்து தருகிறது. படம் போட்டவனிடமே படம் திரும்பிப் பேசுகிறது என்கிறார் ஷோன். கதை எழுதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மூன்றாவது அத்தியாயத்தில் சும்மா நுழைத்த கிழவி பத்தாவது அத்தியாயத்தில் கதையையே நடத்திக்கொண்டு போவது உண்டு. இதைச் சூத்திரமாகச் சொல்லித்தர முடியாது. செய்கிறபோது பக்கத்தில் ஒருவர் இருந்து காட்டத்தான் முடியும். பாரிஸ் நகரத்துக் கலைப்பள்ளியின் பட்டறைகளில் அப்படித்தான் கற்றார்கள். நம் ஸ்தபதிகளும் தகப்பனாரின் பக்கத்தில் நின்றே கற்றார்கள். சென்னைச் சர்வகலாசாலையில் 1957-இல் கட்டடக்கலைத் துறை ஏற்பட்டது. இன்று மதுரைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் அந்தப் படிப்பு இருக்கிறது. எங்கும் ஸ்டூடியோதான் உயிர்நாடி. தாளில் எழுப்பிய சுவரை ரப்பரால் அழித்துவிடலாம். தப்பு செய்வதற்கு இவ்வளவு மலிவான இடம் வேறு கிடையாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் என் குறையைச் சொல்கிறேன். கதையில் மூன்றாவது பாத்திரம் ஒன்று இருக்கிறது. அது அந்தச் சரிவு. அது வாயே திறப்பதில்லை. அதன் சார்பாக ஆசிரியரே பேசிவிடுகிறார். அங்கே மழை பெய்யவில்லை, மண் இளகவில்லை, செங்கல் சுமந்து மேலே ஏறுகிறவர் யாரும் இல்லை.

போடிநாயக்கனூரில் இருந்து இதைப் படித்தால் அந்த மௌனம் உறுத்தும். ஊரை விட்டுப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அதற்கப்பால் ஏலமலை. அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் ஏலக்காய் ஸ்டோர் உண்டு. பழைய ஸ்டோர்களில் அடுப்பு வெளியே இருக்கும். சூடு மட்டும் இரும்புக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவரும். அடுக்கடுக்கான வலைத்தட்டுகளில் காய் உலரும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். ஈரக்காற்று வெளியேற வழி சரியாக இல்லாவிட்டால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போனால் போடியில் நடக்கும் ஏலத்தில் விலை போய்விடும். அந்தக் கட்டடத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் பேராசிரியர் அல்ல. காயைக் கையில் அள்ளிப் பார்க்கிற வியாபாரி. திரும்பிப் பேசுவது என்றால் இதுதான்.

அதைவிடக் கடுமையாகவும் மலை பேசும். 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில், பெருமழையில் சரிவு இறங்கித் தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. எழுபது பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். சரிப்படாவிட்டால் பிறகு உடைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை தாளுக்கு நல்ல யோசனை. சரிவில் படுத்துத் தூங்குகிறவர்களுக்குப் 'பிறகு' என்று ஒன்று இருக்கவேண்டுமே!

ஆகவே ஸ்டூடியோவைக் கலைத்துவிடச் சொல்கிறேனா? இல்லை. அதன் கதவைக் கொஞ்சம் அகலமாகத் திறக்கச் சொல்கிறேன். மனையைப் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வரும் வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அது போதாது. மதுரையிலிருந்து போடிக்கு 2023 முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. மாணவர்கள் ஒரு மழைக்காலம் வந்து தங்கட்டும். அடிவாரத்து ஊர்களிலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகும் பெண்களோடு தாங்களும் ஏறிப் போகட்டும். அந்தப் பெண்களின் கைக்குழந்தைகளுக்குச் சரிவில் ஒரு கொட்டகை போடுவதையே பரீட்சையாக வைக்கலாம். படங்களைச் சுவரில் மாட்டித் தீர்ப்புச் சொல்லும் நாளில், பேராசிரியர்களுக்குப் பக்கத்தில் அவர்களில் இருவருக்கு நாற்காலி போடவேண்டும்.

"இந்தப் படியிலே ஆடி மாசம் வழுக்குமே தம்பி, பிள்ளையைத் தூக்கிட்டு எப்படி இறங்குறது?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டால், அந்தப் பையன் தன் படத்தை மறுபடியும் போடுவான். ஷோன் எழுதிய அத்தியாயத்தில் விட்டுப்போன குரல் அதுதான். அது சேர்ந்துவிட்டால், இப்போதே நன்றாக இருக்கிற கதை முழுமையான கதையாகிவிடும்.