யாருடைய கனவுக்குப் பணம் கட்டுகிறோம்?

கிள்ளான் தமிழர்களுக்குக் குழுவாகப் பயணம் போவது பழகிய காரியம். காசி, கயா, சீரடி, அறுபடை வீடு என்று நாற்பது பேர் ஒரே பேருந்தில் ஏறி, கூடவே வரும் சமையல்காரர் கையால் சாம்பார் சாதம் சாப்பிட்டுத் திரும்பிய தலைமுறை இது. ஐம்பத்தைந்து வயதில் இபிஎஃப் பணம் கைக்கு வந்து, பிள்ளைகளும் தலையெடுத்த பிறகு, அதே மனிதர்கள் இப்போது மாச்சு பிச்சு என்கிறார்கள், அமேசான் என்கிறார்கள். அங்கே போக அவர்களுக்குக் காட்டப்படும் குழு வேறு மாதிரியானது. பன்னிரண்டு முதல் பதினாறு பேர், பல நாட்டவர், ஆங்கிலம் பேசும் உள்ளூர் வழிகாட்டி. பெரும்பாலும் காலைப் பசியாறல் மட்டும்தான் கட்டணத்தில் சேர்த்தி. மெல்பர்னில் 1989இல் தொடங்கிய இன்ட்ரெபிட், டொரொன்டோவில் 1990இல் தொடங்கிய ஜி அட்வென்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் வளர்த்தெடுத்த முறை இது. நம் நாட்டு முகவர்களும் மட்டா கண்காட்சிகளில் தங்கள் பங்குக்குத் தென்னமெரிக்கக் குழுக்களுக்கு ஆள் சேர்க்கிறார்கள்.

இந்தச் சிறுகுழு முறையை நான் ஆதரிக்கிறேன், ஆனால் பாதி வழி வரைக்கும்தான். ஆண்டிஸ் மலைகளுக்கு அது தேவை. கிள்ளானிலிருந்து அமேசானுக்குப் போகிறவருக்கு அது போதாது.

முதலில் மலையைப் பார்ப்போம். குஸ்கோ நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கினபாலு மலையேறுகிறவர்கள் ஒரு நாள் முழுக்க நடந்து, மூச்சிரைத்து, இரவு தங்கும் பானாலாபான் 3,272 மீட்டர்தான். அதைவிட உயரமான இடத்துக்கு லீமாவின் கடற்கரையிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை ஆகியவற்றோடு நிற்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து; உடனே கீழே இறக்குவதுதான் முதல் சிகிச்சை. பொலிவியாவுக்குள் போனால் இன்னும் கடுமை. டிட்டிகாகா ஏரி 3,800 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. லா பாஸ் நகரத்தின் எல் ஆல்டோ விமான நிலையம் 4,000 மீட்டருக்கும் மேலே. கடல்மட்டத்தை ஒட்டிய கிள்ளானில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்த உடம்பு, அதிலும் இனிப்புநீரும் இரத்த அழுத்தமும் உள்ள உடம்பு, இதைத் தனியே சமாளிக்க முயலக் கூடாது. நூற்றுக்கணக்கான பயணிகளின் முகத்தைப் பார்த்துப் பழகிய வழிகாட்டிக்கு, யாருக்கு வெறும் களைப்பு, யாரை இப்போதே கீழே இறக்க வேண்டும் என்பது தெரியும். கட்டணத்தில் பெரும் பகுதி இந்த ஒரு அறிவுக்காகவே என்று வைத்துக்கொண்டாலும் அது தகும்.

ஆனால் எல்லாக் குழுக்களும் இதை மதித்துத் திட்டமிடுவதில்லை. பயண நிரலைக் கையில் வாங்கியதும் நான் முதலில் தேடுவது ஹோட்டலின் நட்சத்திரங்களை அல்ல, இரவு தங்கும் ஊர்களின் உயரத்தை. லீமாவிலிருந்து அரேகிபா (2,300 மீட்டர் அளவு) வழியாகத் தரையில் மெல்ல ஏறும் நிரல் நல்லது. குஸ்கோவில் இறங்கிய அன்றே 2,800 மீட்டரில் உள்ள ஒயாந்தாய்தம்போ பக்கம் இறங்கிப்போய், உடம்பு பழகிய பிறகு மேலே வருவதும் நல்லதே. மாச்சு பிச்சுவே 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு. முதல் இரவு குஸ்கோ, மறுநாள் முழுநாள் ஊர்சுற்றல், அதற்கடுத்த நாள் இன்னும் உயரம் என்று எழுதியிருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உயரநோய்க்கு ஆறுதலாக ஆண்டிஸ் முழுதும் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். அங்கே அது சட்டப்படி சரி, வழிவழியாக வரும் வழக்கமும்கூட. மலேசியாவிலோ 1952ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டத்தில் கோக்கா இலை பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. அந்தத் தேநீர்ப் பொட்டலம் ஒன்றைக்கூட நினைவுப்பொருளாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. ஆஸ்திரேலியரும் கனடியரும் நிறைந்த குழுவில் மலேசியச் சட்டத்தை யாரும் நமக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நாமே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குழுவுக்கு ஆதரவான இரண்டாவது காரணம் அனுமதிச் சீட்டுகள். மாச்சு பிச்சுவுக்கு நடந்துபோகும் நான்கு நாள் இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பெரும் பங்கு சுமைதூக்கிகளுக்கும் வழிகாட்டிகளுக்கும் போய்விடும். உரிமம் பெற்ற நிறுவனம் இல்லாமல் அந்தப் பாதையில் காலெடுத்து வைக்க முடியாது. பிப்ரவரி மாதம் பாதையே மூடியிருக்கும். நடக்காமல் ரயிலில் போகிறவர்களுக்கும் மாச்சு பிச்சுவில் நாளுக்கு இத்தனை பேர், இந்த நேரம், இந்தச் சுற்றுவழி என்ற கட்டுப்பாடு உண்டு. பல மாதங்களுக்கு முன்பே இதையெல்லாம் முடித்து வைப்பது நிறுவனத்தின் வேலை. அந்த நிறுவனம் சுமைதூக்கிகளை எப்படி நடத்துகிறது என்று கேட்பது நம் வேலை. அவர்கள் தூக்கும் எடைக்கு 20 கிலோ என்ற வரம்பை பெரு 2001லேயே சட்டமாக்கிவிட்டது. சட்டம் ஏட்டில் இருப்பதும் மலைப்பாதையில் நடப்பதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது. தோட்டப்புறத்தில் தலைச்சுமைக் கூலி கண்ட குடும்பங்களிலிருந்து வந்த நாம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அரசியல் கொந்தளிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் பெருவின் அதிபர் காஸ்தியோ பதவி நீக்கப்பட்ட பிறகு தெற்கு மாநிலங்களில் சாலைகள் மறிக்கப்பட்டன, ரயில் நின்றது. 2023 ஜனவரியில் மாச்சு பிச்சு மூடப்பட்டு நூற்றுக்கணக்கான பயணிகள் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் ஸ்பானிஷ் பேசும் ஒருவர் நம் பொறுப்பை ஏற்று உடனிருப்பதன் மதிப்பை விலைப்பட்டியலில் காண முடியாது.

தனியாகப் போகும் பெண்களைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. கணவரை இழந்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், திருமணம் செய்துகொள்ளாத தாதியர் என்று நம் வட்டாரத்தில் பயணத்துக்கு ஆசைப்படுகிறவர்களில் இவர்கள் கணிசம். "அம்மா, அவ்வளவு தூரம் தனியா எப்படிப் போவீங்க?" என்ற மகளின் கேள்விக்குச் சிறுகுழு ஒரு நேர்மையான பதில் தருகிறது. பல நிறுவனங்கள் அதே பாலினத்தைச் சேர்ந்த இன்னொரு பயணியோடு அறையைப் பகிர வைக்கும். அதனால் தனியறைக் கட்டணம் மிச்சம். முன்பின் தெரியாத ஒருவரோடு இரண்டு வாரம் ஓரறையில் தூங்க முடியாதவர்கள் கூடுதல் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோருக்கென்றே நடத்தப்படும் குழுக்களும் உண்டு என்பதால், நிரலின் தலைப்பை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடக் கூடாது.

சாப்பாட்டில் நம் கோயில் பயணக் குழுவுக்கு ஈடே இல்லை. மாட்டிறைச்சி தொடாதவர், புரட்டாசி விரதக்காரர், சைவர் ஆகியோருக்கு அர்ஜென்டினா கடினமான நாடு. பெருவில் உருளைக்கிழங்கும் கினுவாவும் கைகொடுக்கும் என்றாலும், சூப்பின் அடியில் கோழிச்சாறு இருக்கும். வழிகாட்டி சமையலறைக்கே போய்ப் பேசுகிறவராக இருந்தால் பிழைத்தோம். பதிவு செய்யும் முன்பே எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவது ஒன்றே வழி.

இனி, இந்த முறையின் பெரிய குறைக்கு வருகிறேன். தென்னமெரிக்காவை ஒரே ஊர் போல விற்கிறார்கள். பதினாறு நாளில் ஐந்து நாடு, எட்டு அதிசயம். லீமாவிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்குப் பறப்பது கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் பறப்பதைவிட நீண்ட தூரம். பெரு, பொலிவியா, அர்ஜென்டினா, பிரேசில் என்று அடுக்கிய நிரலில் விமான நிலையங்களில் கழியும் பகல்களைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது புகைப்படம் எடுக்கும் நேரம். இங்கிருந்து நேரடி விமானம் எதுவும் இல்லை. தோஹா, இஸ்தான்புல் வழியாகப் போகவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். அமெரிக்கா வழி டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் மலேசியக் கடப்பிதழுக்கு அங்கே விமானம் மாறுவதற்குக்கூட விசா வேண்டும். பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களின் விலையில் இந்தப் பயணச்சீட்டும் சேராது, மதிய, இரவுச் சாப்பாடும் சேராது, வழிகாட்டிக்கான அன்பளிப்பும் சேராது.

பணத்துக்குப் பாதுகாப்பு எங்கே என்பதும் ஆள் எண்ணிக்கை அளவுக்கு முக்கியம். உள்ளூர் முகவர் 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை வழக்கறிஞர் இல்லாமலே கோரலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நேரடியாகக் கட்டிய பணத்துக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது. மாறாக, உள்ளூர்க் குழுக்களுக்கு வேறொரு பலவீனம் உண்டு. குறைந்தபட்ச ஆள் சேராவிட்டால் புறப்பாடே ரத்து. அதற்குள் வேலையிடத்தில் விடுப்பு எடுத்திருப்போம், ஊசியும் போட்டிருப்போம்.

ஊசி என்றதும் மஞ்சள் காய்ச்சலைச் சொல்லாமல் விட முடியாது. பெரு, பிரேசில், பொலிவியா போன்ற நாடுகளிலிருந்து திரும்பும் மலேசியர்களிடமும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லையென்றால் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்று அதிகம். கனவுப் பயணம் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் அந்த வயதினர்தான். முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இதுவரை சொன்ன குறைகள் எல்லாருக்கும் பொது. கிள்ளான்காரருக்கு மட்டும் உரிய குறை ஒன்று இருக்கிறது, எனக்கு அதுவே பெரிது. நம்மை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்த மரம் அமேசான் மரம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை சில ஆயிரம். அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்குப் போயின. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன, சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. அடுத்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் சிலாங்கூர் முழுதும் பால்மரக் காடானது. அந்த மரங்களில் பால் வெட்டத்தான் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் போர்ட் சுவெட்டன்ஹம் துறையில் வந்திறங்கினார்கள். கிள்ளானின் புக்கிட் ராஜா தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அங்கே குடியிருக்கும் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

அந்த மரம் இயற்கையாக வளரும் காட்டுக்கு அவ்வளவு பணம் செலவழித்துப் போகும் குழு, அதைக் காட்டாமலே திரும்புகிறது. வழக்கமான நிரலில் அமேசான் என்றால் பெருவின் புவெர்ட்டோ மால்டோனாடோவில் இரண்டு, மூன்று இரவு: கிளிகள், முதலைகள், இரவு நடை. பிறகு விமானத்தில் குஸ்கோவுக்கோ லீமாவுக்கோ. அதே ஊரிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலை எல்லை தாண்டி பிரேசிலின் ஆக்ரே மாநிலத்துக்குள் நுழைகிறது. அந்தச் சாலையை ஒட்டித்தான் ஷாபுரி இருக்கிறது. பால்வெட்டுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, தொழிற்சங்கம் கட்டி, காட்டை அழிக்க வந்த பண்ணைக்காரர்களை எதிர்த்த சிக்கோ மென்டஸ் 1988 டிசம்பர் 22 அன்று அந்த ஊரில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தோட்டத் தொழிற்சங்க வரலாறு உள்ள கிள்ளானிலிருந்து போகிற ஒருவர் நின்று பார்க்க வேண்டிய வீடு அது.

தபாஜோஸ் பக்கமும் அப்படித்தான். அங்கே 1928இல் ஹென்றி ஃபோர்ட் மலாயா பாணியில் நெருக்கமாக ரப்பர் நட்டு உருவாக்கிய ஃபோர்ட்லாண்டியா, இலைக்கருகல் நோயால் தோற்றது. மரத்தின் தாய்நாட்டில் தோட்டம் நிலைக்காமல் போனதும், நோய் எட்டாத மலாயாவில் அது செழித்ததும் நம் பாட்டன்மாரின் வாழ்க்கையைத் தீர்மானித்தன. சாந்தாரெம் நகரிலிருந்து போகக்கூடிய தபாஜோஸ் தேசியக் காட்டில் ஆற்றோரச் சிற்றூர்களில் இன்றும் பால் வெட்டுகிறார்கள். வருகிறவர்களுக்கு வெட்டிக் காட்டுகிறார்கள். அந்த நோய் இன்னும் மலேசியாவுக்கு வரவில்லை என்பதால், அங்கிருந்து விதையோ இலையோ மண்ணோ கொண்டுவரவே கூடாது. காலணியையும் கழுவிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

எனவே நான் சொல்வது இது. மலைப்பகுதிக்கு, ஒரே நாட்டில் அல்லது அதிகம் போனால் இரண்டு நாட்டில், பத்து முதல் பதினான்கு நாள் சிறுகுழுவில் சேருங்கள். குழு முடிந்ததும் நேரே வீடு திரும்பாமல் பயணச்சீட்டை சாவ் பாவ்லோ வழியாகப் போட்டு, ஒரு வாரத்தை சாந்தாரெமுக்கோ ஷாபுரிக்கோ ஒதுக்குங்கள். அங்கே 3,000 மீட்டர் மலை இல்லை, அனுமதிச் சீட்டுக்கு வரிசை இல்லை. போர்த்துகீசியம் பேசும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் போதும். தனியாகப் போகத் தயங்கினால் காசிக்குச் சேர்ந்து போன அதே பத்துப் பேர் மீண்டும் சேரலாம். பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள முகவர் தனி நிரல் போட்டுத் தருவார். கோயில் பயணங்களுக்கு அவர்கள் ஆண்டு முழுதும் செய்துவரும் வேலைதான் இது.